பேட்டரி டிரில் வாங்கும் முன்: 12 வோல்ட்டா, 18 வோல்ட்டா, எத்தனை ஏ.ஹெச்.?

குளச்சலில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஜன்னல்களுக்குக் கொசுவலை போடும் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு ராத்திரி மூன்று டிரில்களின் படத்தை அனுப்பி, "அண்ணே, இதுல எத வாங்கட்டும்?" என்று கேட்டான். "மூணுக்கும் பேட்டரி படத்த அனுப்புடே" என்றேன். அவனுக்குக் குழப்பம். வாங்கப்போவது டிரில், பேட்டரி அதோடு பெட்டிக்குள் வருகிற சாமான் என்றுதான் நினைத்திருந்தான்.

எனக்கு தக்கலையில் மாடுலர் கிச்சன், அலமாரி பொருத்தும் வேலை. பதினைந்து வருடத்தில் என்னிடம் இருந்த டிரில்களில் மோட்டார் எரிந்துபோனது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் பேட்டரி செத்து, அதே பேட்டரி எங்கே தேடியும் கிடைக்காமல் பரணுக்குப் போனவை. மெஷின் நன்றாக இருக்கும், ஓட்ட வழியிருக்காது. அதனால் இப்போதெல்லாம் பேட்டரியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற டிரில்லைப் பார்க்கிறேன். ஒரிஜினல் 4 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) பேட்டரி ஒன்றின் விலை, பல கம்பெனிகளில் பேட்டரி இல்லாத வெறும் மெஷினின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பணம் போகிற இடம் அதுதான் என்றால் யோசிக்க வேண்டிய இடமும் அதுதானே.

வோல்ட்

லித்தியம் செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கு. முழுசாக சார்ஜ் ஏறினால் 4.2 காட்டும். மூன்று செல்லை வரிசையாகக் கோர்த்தால் 10.8; அதைத்தான் 12 வோல்ட் என்று விற்கிறார்கள். ஐந்து கோர்த்தால் 18. சார்ஜரிலிருந்து கழற்றிய உடனே அளந்தால் 21. ஆகவே கடையில் 18 என்றும், 20 மேக்ஸ் என்றும், 21 என்றும் எழுதி வைத்திருப்பதற்குள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். டீவால்ட் கம்பெனி அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதை ஐரோப்பாவில் 18 வோல்ட் எக்ஸ்.ஆர். என்று விற்கிறது. 20 என்றால் 18-ஐ விட பலம் அதிகம் என்று யாராவது சொன்னால் கூடுதல் காசு கொடுத்துவிடாதீர்கள்.

இதே கணக்கை வைத்து இன்னொன்றையும் சோதிக்கலாம். மலிவு விலை டிரில்களில் 48 வி.எஃப்., 88 வி.எஃப். என்று, வோல்ட் போலத் தோன்றும்படி, பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். உண்மையாகவே 88 வோல்ட் வேண்டுமானால் 24 செல்லை வரிசையாகக் கோர்க்க வேண்டும். ஒரு செல் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த வகை செல்லுக்கு 18650 என்ற பெயரே அந்த அளவிலிருந்து வந்ததுதான். உள்ளங்கை அகல டப்பாவுக்குள் 24 செல் எப்படி அடங்கும்? மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 20-க்குப் பக்கத்தில்தான் முள் நிற்கும்.

சரி, 12-ஆ 18-ஆ? வீட்டு வேலைக்கு 12 போதும் என்பது என் கருத்து. கீல் மாட்டுவது, கட்டிலைப் பிரித்துப் பூட்டுவது, சாமி படத்துக்குச் செங்கல் சுவரில் 6 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு ரால் பிளக் வைப்பது எல்லாவற்றுக்கும் ஹேமர் வசதியுள்ள 12 வோல்ட் மெஷின் தாங்கும். பேட்டரியோடு சேர்த்து ஒரு கிலோவுக்குப் பக்கம்தான் எடை. சிங்க்குக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, ஒற்றைக் கையால் ஸ்க்ரூ ஏற்றும்போதுதான் அந்த ஒரு கிலோவின் அருமை தெரியும். அயினி, தேக்கு மாதிரி கெட்டி மரமாக இருந்தாலும், முதலில் சின்ன பிட்டால் வழி போட்டுவிட்டால் 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூவையும் இறக்கிவிடும்.

இரும்பு கேட்டில் 10 மில்லிமீட்டர் ஓட்டை, கதவுப் பூட்டுக்குப் பெரிய வட்டம், நாள் முழுக்கச் சுவரில் ஓட்டை என்று வேலை மாறும்போது 12 திணறும். அங்கே 18 எடுத்துக்கொள்ளுங்கள். சம்பாதிக்கிற கைக்கு அதுதான் சரி. கிரைண்டர், ஜிக்சா, ப்ளோயர் என்று பின்னால் வாங்கப்போகிற மெஷின்கள் பெரும்பாலும் 18-ல்தான் வருகின்றன. ஒரே பேட்டரியை எல்லாவற்றிலும் மாட்டலாம்.

ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் லின்டலில் கர்ட்டன் கம்பிக்கு ஓட்டை போட வேண்டும் என்பதற்காகப் பெரிய பேட்டரி வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பணம் வீண். சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) வைத்த சாதாரண டிரில்லில் ஹேமர் என்பது இரண்டு பல் தட்டுகள் உரசி எழுப்பும் அதிர்வு மட்டும்தான். எஸ்.டி.எஸ். ஹேமர் மெஷினில் உள்ளே பிஸ்டன் ஓடி, பிட்டின் பின்புறம் அறைகிறது. கான்கிரீட்டுக்கு அந்த அறைதான் வேண்டும். ஒரு நாள் வாடகைக்கு ஒயர் வைத்த ஹேமர் மெஷினை எடுத்து, வீட்டில் உள்ள எல்லா ஜன்னலையும் ஒரே நாளில் முடித்துவிடுவது லாபம்.

ஏ.ஹெச்.

இதில்தான் நான் ரொம்ப நாள் தப்பாக நினைத்திருந்தேன். ஏ.ஹெச். கூடினால் அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தேன்.

திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டில் தேக்குக் கதவுக்குப் பூட்டு வைத்துக்கொண்டிருந்தோம். ஒன்றரை அங்குலத் தடிமன் கதவு, 54 மில்லிமீட்டர் ஹோல் சா (வட்டமாக அறுத்து ஓட்டை போடும் பல் வளையம்). 18 வோல்ட் மெஷினில் 2 ஏ.ஹெச். பேட்டரி போட்டு ஓட்டினேன். பாதி ஆழம் போனதும் மெஷின் முனகி நின்றது. விரலை எடுத்து மறுபடி அழுத்தினால் இரண்டு சுற்று சுற்றும், திரும்ப நிற்கும். பேட்டரியில் உள்ள மூன்று விளக்கில் இரண்டு எரிந்துகொண்டிருந்தன. கூட நின்ற ஆசாரிக்கு வயது அறுபதுக்கு மேல். குனிந்து பார்த்துவிட்டு, "மக்கா, பல்லு மழுங்கிட்டு போல" என்றார். பல் புதுசு. மரத்தூளைத் தட்டிவிட்டு 4 ஏ.ஹெச். பேட்டரியை மாட்டினேன். அதே மெஷின், அதே பல். சத்தம்கூட மாறிப்போனது, முனகல் போய் ஒரே சீராக இறங்கி, மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

காரணம் இதுதான். அந்த இடத்தில் மோட்டார் 40 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 2 ஏ.ஹெச். பேட்டரிக்குள் ஐந்து செல் ஒரே வரிசை. அந்த 40 ஆம்பியரும் ஒவ்வொரு செல்லின் வழியாகவும் போக வேண்டும். 4 ஏ.ஹெச். பேட்டரிக்குள் பத்து செல், இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்திருக்கும். ஒரு செல்லுக்கு 20 ஆம்பியர்தான். செல்லுக்குள் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. பாதி மின்னோட்டம் என்றால் ஒரு செல்லுக்குக் கால்பங்கு சூடு. செல்லுக்குள் இழக்கும் வோல்ட்டும் பாதியாகிறது, மோட்டாருக்கு மிச்சம் கிடைக்கிறது. பெரிய பேட்டரி நேரத்தோடு பலத்தையும் கொடுக்கிறது. அதோடு சூடு குறைவதால் அதன் ஆயுளும் நீள்கிறது. இப்போது சில கம்பெனிகள் 21700 என்ற சற்றுப் பெரிய செல்லைப் போடுகின்றன. 21 மில்லிமீட்டர் தடிமன், 70 மில்லிமீட்டர் நீளம். அதில் ஐந்து செல்லிலேயே 4 ஏ.ஹெச். வந்துவிடும், பேட்டரியும் கட்டையாக இருக்கும். விலை கூட. கிடைத்தால் நல்லது.

அப்படியானால் எல்லாரும் 5, 6 ஏ.ஹெச். வாங்கிவிடலாமா என்றால், வேண்டாம். ஐந்து செல் பேட்டரி 350 முதல் 400 கிராம். பத்து செல் என்றால் 600, 700 கிராம். 5 ஏ.ஹெச். மாட்டிய 18 வோல்ட் டிரில் இரண்டு கிலோவை நெருங்கும். ஏணி உச்சியில் நின்று கையைத் தலைக்கு மேலே தூக்கி, பால்ஸ் சீலிங் சட்டத்துக்கு நூறு ஸ்க்ரூ ஏற்றிப் பாருங்கள். முதல் இருபது தெரியாது. ஐம்பதுக்கு மேல் தோள்பட்டை நடுங்க ஆரம்பிக்கும். கை நடுங்கினால் பிட் வழுக்கி ஸ்க்ரூவின் தலை சிதையும். மேலே செய்கிற வேலைக்கு 2 ஏ.ஹெச்., இடுப்பு உயரத்தில் செய்கிற வேலைக்கு 4. இரண்டு பேட்டரிதான் வாங்க முடியும் என்றால் இதில் ஒன்று, அதில் ஒன்று. 5-க்கு மேல் கிரைண்டர் ஓட்டுகிறவர்களுக்கு.

சார்ஜரையும் பார்த்து வாங்க வேண்டும். அதன் அடியில் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் 4 ஏ.ஹெச். பேட்டரிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். அரை ஆம்பியர் சார்ஜரை உள்ளே வைத்து விலையைக் குறைத்திருந்தால், எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஒரிஜினலா, கம்பேட்டிபிளா, செல் மாற்றுவதா?

ஒருமுறை காசு குறைவு என்று ஒரு கடையில் "6 ஏ.ஹெச். கம்பேட்டிபிள்" (நம் மெஷினுக்குப் பொருந்தும்படி வேறு யாரோ செய்த பேட்டரி) ஒன்று வாங்கினேன். ஒரிஜினலின் பாதி விலைகூட இல்லை. இரண்டு மாதம் ஓடியது, அப்புறம் பத்து ஸ்க்ரூவுக்கு மேல் தாங்கவில்லை. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்து பார்த்தேன். பத்து செல் வைக்கக் குழி இருந்தது. ஐந்தில்தான் செல், மீதி ஐந்தும் காலி. அந்த ஐந்திலும் இரண்டின் உறை வேறு நிறம். எங்கிருந்தோ பிரித்து எடுத்த பழைய செல். அன்றைக்கு வந்த கோபத்தை விட, வாங்கும்போதே கண்டுபிடித்திருக்கலாமே என்ற வருத்தம்தான் அதிகம்.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 18650 செல் ஒன்றில் அதிகபட்சம் 3.5 ஏ.ஹெச். அளவுதான் அடைக்க முடியும். டிரில்லுக்கு வேண்டிய, நிறைய ஆம்பியர் தரக்கூடிய வகையில் அது 2.5, 3 என்றுதான் வரும். எனவே 6 ஏ.ஹெச். என்றால் பத்து செல் இருந்தே ஆக வேண்டும். 18650 செல் ஒன்று 45 கிராமுக்குக் குறையாது. பத்துக்கு 450, டப்பாவும் போர்டும் சேர்த்தால் 600-ஐத் தாண்ட வேண்டும். பக்கத்து மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். 6 ஏ.ஹெச். என்று எழுதிய பேட்டரி 380 கிராம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்லுக்கும் பேட்டரிக்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். லேபிளில் ஐ.எஸ். 16046 என்பதும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

செத்த பேட்டரியில் செல் மட்டும் மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல கை என்றால் கொடுக்கலாம். கொடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். போடப்போகும் செல் எத்தனை ஆம்பியர் தொடர்ந்து தரும்? 20-க்குக் குறைந்தால் வேண்டாம்; பவர் பேங்கில் போடும் செல் டிரில்லின் இழுப்பைத் தாங்காது. ஸ்பாட் வெல்டிங்கா, ஈயம் வைத்துப் பற்றவைப்பா? பற்றவைப்பின் சூடு செல்லின் உள்ளே போய்க் கெடுக்கும். எல்லா செல்லும் ஒரே வகை, ஒரே வயதா? ஒன்று மட்டும் பழசாக இருந்தால் அது முதலில் சாய்ந்து மற்றதையும் இழுத்துவிடும். மூன்றுக்கும் தெளிவாகப் பதில் வரவில்லை என்றால் ஒரிஜினலே வாங்குங்கள். ஒரு கம்பெனி பேட்டரியை இன்னொரு கம்பெனி மெஷினில் மாட்டும் அடாப்டர்களும் வருகின்றன. சில கம்பெனிகளில், சார்ஜ் ரொம்பக் குறைந்தால் நிறுத்தும் வேலையை மெஷின்தான் செய்கிறது. அடாப்டர் வழியாக அந்தத் தகவல் போகாது. ஓட்டிக்கொண்டே இருந்தால் செல் அடிமட்டத்துக்குப் போய் மீளாமலே போகும்.

ஒரிஜினலிலும் ஒரு கவனம் வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே 18 வோல்ட் என்றாலும் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தாது. பாஷில் நீல நிற மெஷினின் பேட்டரி பச்சை நிற மெஷினில் ஏறாது. மகிடாவில் எல்.எக்ஸ்.டி. வரிசையும், விலை குறைந்த ஜி வரிசையும் வேறு வேறு. பின்னால் நான்கு மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் எந்த வரிசையில் அதிக மெஷின் இருக்கிறதோ அதில் நுழையுங்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ அந்தப் பேட்டரியைத் தனியாக விற்கிறார்களா என்று நேரில் கேட்டுவிட்டு வாங்குங்கள். டிரில் எங்கும் கிடைக்கும். மூன்று வருடம் கழித்து பேட்டரி கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

பழைய நிக்கல்-காட்மியம் டிரில் வைத்திருப்பவர்கள், அதற்குப் புது பேட்டரி தேடிச் செலவு செய்ய வேண்டாம். செல்லுக்கு 1.2 வோல்ட்தான் என்பதால் 14.4 வோல்ட்டுக்கே 12 செல் வேண்டும், எடை அதிகம். சும்மா வைத்திருந்தாலும் மாதத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வடிந்துவிடும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் வீட்டில் இரண்டு டிரில் இருந்தன. ஒன்று அந்தப் பழசு, இன்னொன்று 12 வோல்ட் லித்தியம். இரண்டையும் தீபாவளிக்கு முன்னால் சார்ஜ் போட்டதோடு சரி. ரப்பர் மரங்கள் முறிந்து ரோட்டில் கிடந்தன, கரண்ட் பல நாள் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தகரக் கூரை ஒரு பக்கம் பெயர்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பழைய டிரில்லை எடுத்து அழுத்தினேன். நாலு சுற்று சுற்றி நின்றுவிட்டது. லித்தியம் ஒன்றரை மாதத்துக்குப் பிறகும் ஏறக்குறைய முழுசாக இருந்தது. அந்த ஒரு பேட்டரியில் நாற்பது ஸ்க்ரூ ஏற்றி, மழை மறுபடி பிடிக்கும் முன் கூரையை இறுக்கினோம். அதற்குப் பிறகு பழசை நான் தொடவில்லை.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது

எங்கள் பக்கம் வளைகுடாவில் உறவினர் இருந்தால் "வரும்போது ஒரு பேட்டரி வாங்கி வா" என்று சொல்வது வழக்கம். தனி பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கையில் எடுத்துச் செல்லும் பையில்தான் வர வேண்டும். முனைகளை டேப் ஒட்டி மூடிவிட வேண்டும். 100 வாட்-ஹவர் வரை கேள்வியில்லை. 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். வோல்ட்டையும் ஏ.ஹெச்.-ஐயும் பெருக்கினால் வாட்-ஹவர். 18 வோல்ட், 5 ஏ.ஹெச். என்றால் 90, தாராளமாக வரலாம். 6 ஏ.ஹெச். என்றால் 108, விமானக் கம்பெனியிடம் முன்பே அனுமதி வாங்காவிட்டால் திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏறும் முன்பே அங்கே பிடித்து வைத்துவிடலாம். அமெரிக்காவிலிருந்து வருகிறது என்றால் பேட்டரி போதும், சார்ஜர் வேண்டாம். அங்கே 120 வோல்ட். அதற்கு மட்டுமே செய்த சார்ஜரை இங்கே பிளக்கில் சொருகினால் அந்த நொடியே போய்விடும்.

கடற்காற்றும் வெயிலும்

தம்பியின் பழைய பேட்டரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "அது செத்துட்டு அண்ணே, விட்டு விட்டு ஓடுது" என்று கொண்டுவந்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். பேட்டரியை மெஷினில் சொருகும் இடத்தில் உள்ள தகட்டு முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. பையைத் திறந்தபடி வாசல் திண்ணையில் வைத்திருக்கிறான். மொபைல் ரிப்பேர் கடையில் கிடைக்கும் ஐ.பி.ஏ. (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) திரவத்தைக் காது குடையும் பஞ்சில் நனைத்து, ஒவ்வொரு தகடாகத் துடைத்தோம். உப்புத்தாள் போட வேண்டாம், மேல் பூச்சு போய்விடும். நன்றாக உலர்ந்த பிறகு மாட்டினால் ஒழுங்காக ஓடியது. செத்ததாக நினைத்து ஒரு பேட்டரி வாங்கும் செலவு மிச்சம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் இருப்பவர்கள் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. நமக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. ஈரம் காய நேரமே இருக்காது.

பைக் டிக்கியில், வெயிலில் நிற்கும் வண்டியில், தகரக் கொட்டகையில் பேட்டரியை வைக்காதீர்கள். லித்தியத்துக்குக் குளிர்ச்சியான நிழல் வேண்டும். வேலை முடிந்ததும் கைக்குச் சூடாகத் தெரிந்தால், ஆறிய பிறகு சார்ஜில் போடுங்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது செல்லைத் தின்னும். ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கப்போவதில்லை என்றால் முழு சார்ஜில் வைக்க வேண்டாம், பாதியில் வைத்தால் போதும். உயிர் போன பேட்டரியை வீட்டு மூலையில் எரிக்கிற குப்பையோடு போடவே கூடாது. வெடிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழசைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு கம்பெனிகளுக்கு இருக்கிறது. புதுசு வாங்கும் கடையில் கேளுங்கள்.

தம்பிக்கு நான் சொன்னது இது. அவன் வேலையில் பாதி அலுமினியச் சட்டத்தில் ஸ்க்ரூ, மீதி செங்கல் சுவரில் ஓட்டை, எல்லாமே ஏணியில். படத்தில் இருந்த 48 வி.எஃப். மெஷினை அவனே தள்ளிவிட்டான். 12 வோல்ட் போதுமா என்று ஒரு நாள் என் மெஷினைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். ஒரு நாளைக்கு முப்பது ஓட்டை என்றானதும் மதியத்திலேயே இரண்டு பேட்டரியும் இறங்கிவிட்டது. கடைசியில் 18 வோல்ட், பிரஷ்லெஸ் (மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லாத) மெஷின், இரண்டு 2 ஏ.ஹெச். ஒரிஜினல் பேட்டரி. 4 ஏ.ஹெச். அடுத்த வருடம் கிரைண்டர் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். ஒன்று மெஷினில் ஓடும்போது இன்னொன்று அந்த வீட்டு ஹாலில் சார்ஜில் இருக்கும். பை இப்போது திண்ணையில் இல்லை, உள்ளறை அலமாரியில் இருக்கிறது.